மதிய வெயிலில் மட்டும் வெடிக்கும் மாஸ்ஃபெட்: வீட்டில் கட்டிய 24 வோல்ட் இன்வெர்ட்டர்

இன்செயின்வாசி | ஞாயிறு, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். ரங்கூன், இன்செயின் பக்கம் இருந்து எழுதுகிறேன். மூன்று வாரமாக ஒரே இடத்தில் முட்டி நிற்கிறேன், உதவி வேண்டும்.

எங்கள் அம்மன் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கிறது. பங்குனி, சித்திரை வந்துவிட்டால் அணைகளில் தண்ணீர் இறங்கிவிடும். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும் பங்கு நீர்மின்சாரம்தானே, வெட்டும் அப்போதுதான் கூடும். மீ பியெத், அதாவது கரண்ட் போனது, ஆனதும் மண்டபம் அடுப்பு மாதிரி ஆகிவிடுகிறது, பிள்ளைகள் சிலேட்டை விசிறியாக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்காகத்தான் போன வருடம் ஒரு இன்வெர்ட்டர் கட்டினேன்.

ஆர்டுவினோ நானோ என்ற குட்டிக் கணினிப் பலகை ஒன்று, கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்சாகப் பக்கத்துக்கு மூன்று ஐஆர்எஃப்3205 மாஸ்ஃபெட், அவற்றைத் திறக்கும் கேட் காலை இயக்க டிசி4427 கேட் டிரைவர், பழைய யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய, சுற்றின் நடுவிலும் ஒரு முனை உள்ள நடுமுனை டிரான்ஸ்ஃபார்மர். 12 வோல்ட் லாரி பேட்டரியில் இரண்டு ஃபேன், ஆறு எல்இடி பல்ப். வருடம் முழுக்க ஒரு குறையும் இல்லை.

இந்த வருடம் 8 செல் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் சோலார் பலகையும் கிடைத்தன. 24 வோல்ட்டுக்கு மாறினால் அதே வாட்டுக்குக் கரண்ட் பாதியாகும் என்று, காயில் கட்டுகிறவரிடம் கொடுத்து நடுமுனையின் இரு பக்கமும் 8 வோல்ட்டாக இருந்த 8-0-8 சுற்றை 16-0-16 ஆக்கினேன். மற்றது எல்லாம் பழையபடி. அன்றிலிருந்து மாஸ்ஃபெட் வெடிக்கிறது. ஒரு நாள் ஓடும், மறுநாள் 'பட்' என்று சத்தம், கரி வாசனை. இதுவரை பதினொன்று போய்விட்டது. புரோகிராமை நான்கு முறை திருத்தி எழுதிவிட்டேன். எங்கே தப்பு?

பெகுத் தம்பி | ஞாயிறு, இரவு 10.15

அண்ணே, முதல் சந்தேகம் டெட் டைம். ஒரு பக்கம் மூடுவதற்குள் மறுபக்கம் திறந்தால் டிரான்ஸ்ஃபார்மர் ஷார்ட் ஆன மாதிரிதான். எவ்வளவு இடைவெளி விட்டிருக்கிறீர்கள்?

இரண்டாவது, மாஸ்ஃபெட்டின் கேட் காலிலிருந்து சோர்ஸ் காலுக்கு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டீர்களா? நானோ ரீசெட் ஆகும்போது எல்லாக் காலும் உள்ளீடாக, அந்தரத்தில் நிற்கும். பூட்லோடர் ஓடி முடியும் வரை உங்கள் புரோகிராம் இன்னும் பிறக்கவே இல்லை. அந்த நேரத்தில் எது திறக்கும், எது மூடும் என்று யாருக்கும் தெரியாது. நான் முதல் முறை கட்டியபோது அதில்தான் நான்கு மாஸ்ஃபெட் போனது.

இன்செயின்வாசி | திங்கள், காலை 6.20

தம்பி, டெட் டைம் தாராளமாக இருக்கிறது. என்னுடையது சைன் அலை இல்லை, திருத்திய சதுர அலை. 50 ஹெர்ட்ஸில் அரைச் சுற்று 10 மில்லி செகண்டு. அதில் 5 மில்லி செகண்டு திறந்திருக்கும், 5 மில்லி செகண்டு இரண்டு பக்கமும் மூடியிருக்கும். உச்சம் 325 வோல்ட் வந்தால், பாதி நேரம் திறந்தாலே ஆர்எம்எஸ், அதாவது பயன்தரும் வோல்ட், 230 கிடைத்துவிடுகிறது.

10 கிலோ ஓம் போடவில்லை. நேற்று நீங்கள் எழுதியதைப் பார்த்ததும் டிரைவருக்கு முன்னால் உள்ள இரண்டு காலுக்கும், ஆறு கேட்டுக்கும் போட்டுவிட்டேன்.

தட்டோன் தையல்கடை | திங்கள், காலை 11.05

தம்பி, நான் தையல் மெஷின் மோட்டாருக்காக ஒரு இன்வெர்ட்டர் வைத்திருக்கிறேன், கட்டிக் கொடுத்தது என் மகன். அவனுக்கும் இப்படியே வெடித்தது. கடைசியில் பார்த்தால் வாங்கிய மாஸ்ஃபெட்டே போலி. மேலே நம்பர் அச்சு அழகாக இருந்தது, உள்ளே சின்னச் சில்லு. நீங்கள் வாங்கியதைச் சோதித்துப் பாருங்கள்.

மகன் செய்த முறை இதுதான். 12 வோல்ட் பேட்டரி, 55 வாட் கார் ஹெட்லைட் பல்ப், அதோடு வரிசையில் மாஸ்ஃபெட். கேட்டை நேராக 12 வோல்ட்டில் தொட்டுவிட வேண்டும். சுமார் நாலரை ஆம்பியர் ஓடும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, டிரெயின் காலுக்கும் சோர்ஸ் காலுக்கும் நடுவே, ஒயரில் இல்லாமல் காலிலேயே குத்திப் பார்க்க வேண்டும். 3205 திறந்திருக்கும்போது 8 மில்லி ஓம் தடை என்று சொல்லியிருக்கிறது, அப்படியானால் 36 மில்லிவோல்ட் பக்கம்தான் வர வேண்டும்.

இன்செயின்வாசி | செவ்வாய், இரவு 8.50

அக்கா, உங்களுக்கும் மகனுக்கும் நன்றி. கையில் இருந்த ஒன்பதையும் சோதித்தேன். ஏழில் 33 முதல் 38 மில்லிவோல்ட். இரண்டில் 110க்கு மேல். அந்த இரண்டும் டவுன்டவுனில் ஒரு கடையில் கடைசியாக வாங்கியவை. தூக்கிப் போட்டுவிட்டேன்.

நல்லது ஆறை மட்டும் போட்டு, 10 கிலோ ஓமும் இருக்க, நேற்று மாலை ஓட்டினேன். வகுப்பு முடியும் வரை நன்றாக ஓடியது, ஹீட்சிங்க் கை வைத்தால் வெதுவெதுப்புதான். மனசு நிறைந்துவிட்டது. இன்று மதியம் ஒரு மணிக்கு மண்டபத்தில் பெரியவர்கள் கூட்டம், ஒரே ஒரு ஃபேன் போட்டேன். பத்து நிமிடத்தில் 'பட்'. ஒரு பக்கம் மூன்றும் ஷார்ட்.

பெகுத் தம்பி | செவ்வாய், இரவு 9.10

மதியம் என்றால் சூடாக இருக்கும் அண்ணே. மண்டபம் தகரக் கூரையா? பெரிய ஹீட்சிங்க்கும் ஒரு சின்ன ஃபேனும் வைத்துப் பாருங்கள்.

மோல்மீன் ரேடியோக்காரர் | செவ்வாய், இரவு 11.30

ஒரு ஃபேன் 60, 70 வாட். 24 வோல்ட்டில் மூன்று ஆம்பியர். மூன்று மாஸ்ஃபெட் பகிர்ந்துகொள்ளும் மூன்று ஆம்பியரில் எதுவும் சூடாகிச் சாகாது. ஹீட்சிங்க் வாங்க வேண்டாம், பொறுங்கள்.

இன்செயின் தம்பி, நீங்கள் எழுதியதைத் திரும்பப் படித்தேன். மாலையில் இரண்டு ஃபேனும் ஆறு பல்பும் ஓடுகின்றன. மதியம் ஒற்றை ஃபேனுக்கு வெடிக்கிறது. பளு கூடும்போது பிழைத்து, குறையும்போது சாகிற மாஸ்ஃபெட்டைக் கொல்வது கரண்ட் இல்லை. இதுவரை வெடித்த நேரங்கள் ஞாபகம் இருக்கிறதா? அந்த நேரத்தில் பேட்டரி முனையில் என்ன வோல்ட், சோலார் சார்ஜர் ஓடிக்கொண்டிருந்ததா?

இன்செயின்வாசி | புதன், காலை 6.05

சயா (வாத்தியாரே), கேட்டதும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். ஐந்து முறை வெடித்ததில் நான்கு முறை பதினொன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில். ஒரு முறை மட்டும் காலை பத்து. எல்லாமே நல்ல வெயில் நாள். சார்ஜர் இணைப்பிலேயேதான் இருக்கும். பேட்டரி மாலையில் 26.4 வரை காட்டும், மதியம் நிறையும்போது 28.8.

மோல்மீன் ரேடியோக்காரர் | புதன், காலை 7.15

சரி, அப்படியானால் உங்கள் புரோகிராமைத் தொடவே வேண்டாம். அது குற்றமற்றது.

நடுமுனை டிரான்ஸ்ஃபார்மரைக் காவடித் தண்டு மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். நடுவைத் தோள் பிடித்திருக்கிறது, அதாவது நடுமுனை எப்போதும் பேட்டரி வோல்ட்டில். ஒரு பக்க மாஸ்ஃபெட் திறந்ததும் அந்த முனை பூஜ்யத்துக்குத் தாழ்கிறது. மறுமுனை அதே அளவு மேலே போயாக வேண்டும், ஒரே இரும்பில் சுற்றிய ஒரே அளவு சுற்று இல்லையா? ஆக, மூடியிருக்கும் பக்கத்து மாஸ்ஃபெட் பேட்டரியைப் போல இரண்டு மடங்கு வோல்ட்டைத் தாங்கி நிற்கிறது.

12 வோல்ட் காலத்தில் அது 24, 28. ஐஆர்எஃப்3205இன் எல்லை 55. ஏறக்குறையப் பாதிதான், அதனால்தான் வருடம் முழுக்க ஓடியது. இப்போது மாலையில் 26.4, இரண்டு மடங்கு 52.8. விளிம்பில் நடக்கிறது, ஆனாலும் நடக்கிறது. மதியம் 28.8, இரண்டு மடங்கு 57.6. இதற்கு மேல், மூடும் கணத்தில் டிரான்ஸ்ஃபார்மரின் கசிவு இண்டக்டன்ஸ் சட்டென்று தூக்கிவிடும் வோல்ட் கூர்முனை வேறு. பளு கூடினால் பேட்டரியும் ஒயரும் கொஞ்சம் வோல்ட்டை விழுங்கிக்கொள்ளும், அதனால்தான் மாலையில் தப்பித்தது.

காயில் கட்டியவர் சரியாகத்தான் கட்டியிருக்கிறார். வோல்ட்டை இரட்டிப்பாக்கும்போது மாஸ்ஃபெட்டின் தாங்குதிறனையும் இரட்டிப்பாக்க வேண்டும் என்பது மட்டும் விட்டுப்போயிற்று. நான் 40 வருடமாக ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் பார்க்கிறேன். கரண்ட்டைப் பார்த்துப் பொருள் வாங்குவது எல்லோருக்கும் வருகிறது. மூடியிருக்கும்போது எத்தனை வோல்ட் என்று கேட்பதுதான் மறந்துபோகிறது.

என் பேச்சை நம்பவேண்டாம், அளந்து பாருங்கள். ஆஸிலோஸ்கோப் இல்லையென்றால் ஒரு யுஎஃப்4007 டையோடு, 250 வோல்ட் தாங்கும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் போதும். டையோடின் ஆனோடு டிரெயினில், கேத்தோடு கெப்பாசிட்டரில், கெப்பாசிட்டரின் மறுகால் சோர்ஸில். கெப்பாசிட்டருக்குக் குறுக்கே மல்டிமீட்டரை டிசியில் வையுங்கள். உச்சம் எங்கே போகிறதோ அங்கேயே நின்று காட்டும். சாதாரண 1என்4007 வேண்டாம், கூர்முனைக்கு அது சோம்பேறி. பேட்டரி ஒயரில் 5 ஆம்பியர் ஃபியூஸ் போட்டு, ஒரே ஒரு எல்இடி பல்போடு அளக்கவும்.

இன்செயின்வாசி | புதன், இரவு 8.30

சயா, அளந்தேன்.

காலை எட்டு மணி, பேட்டரி 26.5: மீட்டரில் 56. பதினொன்று மணி, 27.6: மீட்டரில் 60. பன்னிரண்டரைக்கு 28.7 வந்தது, மீட்டர் 63 காட்டியது. அதற்கப்புறம் 28.8 ஆனபோதும் 63தான், அசையவே இல்லை. உடனே அணைத்துவிட்டேன்.

63இல் ஏன் நின்றது?

மோல்மீன் ரேடியோக்காரர் | புதன், இரவு 9.00

அது நின்றதல்ல தம்பி, மாஸ்ஃபெட் உடைந்து கடத்தத் தொடங்கிய இடம். மூடியிருந்தும் கடத்துகிறது. மேலே வருகிற மிச்ச வோல்ட்டையெல்லாம் தன் உடம்பில் சூடாக வாங்கிக்கொள்கிறது, வினாடிக்கு ஐம்பது தரம். கொஞ்ச நேரம் தாங்கும். பத்து நிமிடம் தாங்கியதே அந்தச் சரக்கு நல்ல சரக்கு என்பதற்கு அத்தாட்சி.

பெகுத் தம்பி | புதன், இரவு 9.25

சயா, நான் சூடு என்று சொன்னது தப்பு, ஒத்துக்கொள்கிறேன். இந்தக் காவடி விளக்கத்தை எழுதி வைத்துக்கொண்டேன்.

அண்ணே, இப்போது இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, இதே அமைப்பில் 100 வோல்ட் மாஸ்ஃபெட். ஐஆர்எஃப்பி4110 என்றால் 100 வோல்ட், 3.7 மில்லி ஓம். டிரெயினுக்கு, கூர்முனையை விழுங்கும் ஸ்னப்பர் போட்டால் முடிந்தது. இரண்டு, ஹெச் பிரிட்ஜ்: இரண்டு கை, ஒவ்வொரு கையிலும் மேலே ஒரு மாஸ்ஃபெட், கீழே ஒன்று, நடுவில் டிரான்ஸ்ஃபார்மர். அதில் நடுமுனையே வேண்டாம், மாஸ்ஃபெட் பேட்டரி வோல்ட்டுக்கு மேல் பார்க்காது. கையில் இருக்கும் 55 வோல்ட் 3205 தாராளம். அதோடு சைன் அலையும் எடுக்கலாம், ஃபேன் உறுமாது. நான் என்றால் இரண்டாவதுதான்.

இன்செயின்வாசி | வியாழன், காலை 5.50

100 வோல்ட் மாஸ்ஃபெட் இங்கே நல்லதாகக் கிடைக்குமா என்று பயமாக இருக்கிறது, போன கடை அனுபவம் அப்படி. ஹெச் பிரிட்ஜ் என்றால் புதிதாக டிரான்ஸ்ஃபார்மர் கட்ட வேண்டுமா?

மோல்மீன் ரேடியோக்காரர் | வியாழன், காலை 7.40

கட்ட வேண்டாம், உங்களுடையது அதிர்ஷ்டவசமாகப் பொருந்துகிறது. சைன் அலையின் உச்சம் பேட்டரி வோல்ட்டைத் தாண்டாது. 16 வோல்ட் சுற்றுக்கு உச்சம் 22.6 வேண்டும். உங்கள் பேட்டரி அதற்கு மேல்தான் இருக்கிறது. பலர் இங்கே ஏமாறுவார்கள்: 12 வோல்ட் பேட்டரியில் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரைத் திருப்பிப் போட்டுவிட்டு, 'ஏன் 160தான் வருகிறது' என்று கேட்பார்கள். 12ஐ 1.414ஆல் வகுத்தால் எட்டரை. விடை அதில் இருக்கிறது.

ஒரு பாதிச் சுற்றை மட்டும் பயன்படுத்தினால் பாதிச் செம்பு சும்மா கிடக்கும். நடுமுனையைப் பிரித்து, இரண்டு பாதியையும் இணையாகப் போடுங்கள். ஆனால் திசை சரியாக இருக்க வேண்டும், மாறினால் ஷார்ட். முதலில் இரண்டு பாதியின் ஒரு முனையை மட்டும் சேருங்கள். 230 பக்கத்துக்கு மெயின்ஸிலிருந்து, 40 வாட் குண்டு பல்பை வரிசையில் வைத்துக் கொடுங்கள். சேராத இரண்டு முனைக்கும் நடுவே மீட்டர் வையுங்கள். பூஜ்யம் பக்கம் காட்டினால் சேர்க்கலாம். 30 பக்கம் காட்டினால் ஒரு பாதியைத் திருப்புங்கள். இதைச் செய்யாமல் சால்டரைச் சூடாக்க வேண்டாம்.

பெகுத் தம்பி | வியாழன், மாலை 6.30

புரோகிராம் பக்கம் நான் சொல்கிறேன் அண்ணே. நானோவில் இருக்கும் சிப் ஏடிமெகா328பி, 16 மெகாஹெர்ட்ஸ். டைமர் 1ஐ ஃபேஸ் கரெக்ட் (ஏறி இறங்கி எண்ணும்) முறையில் வைத்து உச்ச எண் 400 கொடுத்தால் 20 கிலோஹெர்ட்ஸ். ஒரு துடிப்பு 50 மைக்ரோ செகண்டு, அரைச் சுற்றுக்கு 200 துடிப்பு. ஆகவே சைன் அட்டவணையில் 200 எண்.

இந்தச் சிப்பில் டெட் டைம் தானாக வராது. ஆனால் ஒரு வழி உண்டு. 9ஆம் கால் நேராக, 10ஆம் கால் தலைகீழாக. இரண்டாவது ஒப்பீட்டு எண்ணை முதலாவதைவிட 16 கூட்டி வையுங்கள். ஒரு எண்ணிக்கை 62.5 நானோ செகண்டு, 16 என்றால் 1 மைக்ரோ செகண்டு. ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த இடைவெளி தானாக விழும். இது ஒரு கை. மறு கையை 50 ஹெர்ட்ஸில் சாதாரணக் கால்கள் இரண்டால் திறந்து மூடலாம், நடுவில் கொஞ்சம் ஓய்வு விட்டு.

அப்புறம் ஐஆர்2110 டிரைவரில் ஒரு கண்ணி இருக்கிறது. மேல் மாஸ்ஃபெட்டின் கேட்டுக்குச் சாப்பாடு போடுவது பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர். 20 கிலோஹெர்ட்ஸ் கைக்கு 1 மைக்ரோ ஃபாரட் போதும். 50 ஹெர்ட்ஸ் கையில் மேல் மாஸ்ஃபெட் 10 மில்லி செகண்டு முழுக்கத் திறந்தே நிற்கும், அதுவரை அந்தச் சின்னக் கெப்பாசிட்டர் தாங்காது, கேட் வோல்ட் இறங்கிவிடும். அந்தக் கைக்கு 47 மைக்ரோ ஃபாரட் போடுங்கள்.

தட்டோன் தையல்கடை | வியாழன், இரவு 9.15

இவ்வளவு பாடு எதற்கு, இஜிஎஸ்002 பலகை ரெடிமேடாக வருகிறதே, அதில் சைன் சிப்பும் டிரைவரும் சேர்ந்தே இருக்கின்றன என்று என் மகன் கேட்கிறான். அதுவும் நியாயம்தான்.

நான் சொல்ல வந்தது வேறு. என் பக்கத்து வீட்டில் இன்வெர்ட்டர் கரண்ட்டை இரண்டு முனையிலும் ப்ளக் வைத்த ஒயரால் சுவர் சாக்கெட்டில் குத்துகிறார்கள். வீடு முழுக்க எரிகிறது, பார்க்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தக் கரண்ட் மீட்டர் வழியாகத் தெருக் கம்பிக்கும் போகும். கம்பத்தில் ஏறியிருக்கும் ஆள் கரண்ட் இல்லை என்று நம்பிக் கை வைப்பார். அதோடு 'மீ லாபீ' (கரண்ட் வந்துவிட்டது) என்று பிள்ளைகள் கத்துகிற அதே நொடியில் இரண்டு கரண்ட்டும் மோதி, கட்டிய எல்லாம் போய்விடும். கோயிலில் அப்படிச் செய்யாதீர்கள் தம்பி. இரட்டை முனை சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். இல்லையென்றால் இன்வெர்ட்டருக்குத் தனி ஒயரும் தனி சாக்கெட்டும்.

மோல்மீன் ரேடியோக்காரர் | வியாழன், இரவு 9.50

அக்கா சொன்னது இந்தப் பேச்சு முழுவதிலும் முக்கியமானது. நானும் சேர்க்கிறேன்: பேட்டரியின் நேர்முனையை ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ். ஒரு முழம் தள்ளிக்கூட வேண்டாம். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் தள்ளும், பிள்ளைகள் உட்காரும் இடம்.

ரெடிமேட் பலகை கெடுதல் இல்லை. ஆனால் தம்பிக்கு இப்போது தன் இன்வெர்ட்டரின் ஒவ்வொரு முனையிலும் என்ன வோல்ட் என்று தெரியும். அந்த அறிவோடு நானோவிலேயே முடிக்கட்டும் என்பது என் ஆசை.

இன்செயின்வாசி | பதினேழு நாள் கழித்து, ஞாயிறு, இரவு 8.10

திஞ்ஜான் (தண்ணீர்த் திருவிழா) விடுமுறையில் உட்கார்ந்து முடித்துவிட்டேன்.

சுற்றுகளை இணையாக்கும் சோதனையில் முதலில் 31 வோல்ட் காட்டியது. அதாவது நான் நினைத்த திசை தப்பு. சால்டர் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். திருப்பிப் போட்டதும் 0.2. அப்புறம்தான் சேர்த்தேன்.

ஹெச் பிரிட்ஜை முதலில் பேட்டரியோடு நேராக இணைக்கவில்லை, லாரியின் 24 வோல்ட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை வரிசையில் வைத்தேன். முதல் முறை ஆன் செய்ததும் பல்ப் முழு வெளிச்சமாக எரிந்தது. எங்கோ ஷார்ட், ஆனால் ஒரு மாஸ்ஃபெட்டும் போகவில்லை. பார்த்தால் 10ஆம் காலைத் தலைகீழாக்கும் வரியை விட்டிருந்தேன். திருத்தியதும் பல்ப் லேசாகச் சிவந்து நின்றது. அந்த ஒரு பல்ப் இல்லையென்றால் எண்ணிக்கை பதினைந்து ஆகியிருக்கும்.

சைன் எண்ணை 370க்கு மேல் போகவிடவில்லை, பூட்ஸ்ட்ராப் கெப்பாசிட்டர் நிறைவதற்கு நேரம் வேண்டும் என்பதற்காக. அதனால் பேட்டரி 24.4க்குக் கீழே போனால் 230 முழுதாகக் கிடைக்காது. ஒரு செல்லுக்கு 3.05, அந்த நேரத்தில் பேட்டரியும் ஏறக்குறைய தீர்ந்திருக்கும், அதனால் நானோ அங்கேயே நிறுத்திவிடுகிறது. வெளிவரும் 230ஐ ஒரு 6 வோல்ட் குட்டி டிரான்ஸ்ஃபார்மர் வழியாக நானோவே படித்து அலையின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 230 பக்கத்தில் ஒரு ஃபேன் கெப்பாசிட்டர், 4 மைக்ரோ ஃபாரட், 450 வோல்ட் ஏசி.

சயா சொன்ன டையோடும் கெப்பாசிட்டரும் இன்னும் டிரெயினிலேயே இருக்கின்றன, கழற்ற மனம் வரவில்லை. இன்று மதியம் பன்னிரண்டரை, நல்ல வெயில், பேட்டரி 28.8, இரண்டு ஃபேனும் ஓடுகின்றன: மீட்டரில் 34.

சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போட்டாயிற்று அக்கா. ஃபியூஸ் பேட்டரி முனையிலிருந்து நான்கு விரற்கடைத் தூரத்தில் இருக்கிறது சயா. வகுப்பை இனி மதியத்திலும் வைக்கலாம் என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள்.

மோல்மீன் ரேடியோக்காரர் | ஞாயிறு, இரவு 8.45

34 நல்ல எண். பேட்டரி ஒயரை இன்னும் கொஞ்சம் குட்டையாக்கி, மாஸ்ஃபெட்டுக்குப் பக்கத்திலேயே 50 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் இரண்டு போட்டால் 31க்கு வரும். ஒயர்கள் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.